வத்தைக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஊரில் படகு வைத்திருந்த ஒரே வீடு எங்கள் வீடுதான். இதைச் சொன்னால் அருப்புக்கோட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். திருச்சுழிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடவே சிரிப்பார்கள். மல்லியும் மிளகாயும் பருத்தியும் வானத்தைப் பார்த்து விதைக்கிற கரிசல் காடு இது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் குழாயடியிலேயே பாதிப் பொழுதைக் கழிக்கிற எங்களுக்குப் படகு எதற்கு? சிரிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வேறு வீட்டில் நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதுவும் கொஞ்சம் சத்தமாகவே.

எங்கள் வீடு இருப்பது கண்மாயின் உள்வாய்ப் பக்கம். மற்றவர்கள் எல்லாம் புத்தியோடு கரைக்குக் கீழே வீடு கட்டியிருக்க, எங்கள் பத்துப் பதினைந்து வீடுகள் மட்டும் தண்ணீர் நிற்கிற பக்கமாக நீண்டிருக்கும் ஒரு மேட்டில் இருக்கின்றன. காய்ந்த காலத்தில் கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கே நடந்தால் பஸ் ரோடு வந்துவிடும். கண்மாய் நிறைந்தால் அந்தப் பாதை தண்ணீருக்கு அடியில் போய்விடும். கரைமேல் ஏறிச் சுற்றிப் போகலாம் என்றால், மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் கலுங்கு பாய்கிறபோது அங்கேயும் இடுப்பளவுத் தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். பின்பக்கம் ஓடை. இப்படி நிறைவது எப்போதாவதுதான். நிறைந்தால் ஊருக்கே சந்தோஷம். நாங்களும் வீட்டில் இருக்கிற அரிசி பருப்பை வைத்துச் சமாளித்துக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை வெளியே போகாமல் இருந்துவிடுவோம். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும்வரை அது ஒரு தொல்லையாகவே தெரிந்ததில்லை.

அவருக்கு வாரம் இரண்டு முறை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, உடம்பில் தங்கிவிட்ட தண்ணீரை எடுத்து அனுப்புவார்கள். சிறுநீர் என்று ஒன்று அவருக்கு வருவதே நின்றுவிட்டதால், குடிக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளேயே கிடக்கும். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும், இரண்டு முறை தவறினால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். நாள் முழுக்க ஒரு சின்னச் சொம்பு. மாத்திரைக்கு, காபிக்கு, விக்கலுக்கு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். அதை அளந்து கொடுக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு மழை வருஷம், கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு நாள் தவறிவிட்டது. மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. மீன் குத்தகைக்காரர்களின் லாரி டியூப் ஒன்றின் மேல் பலகையைக் கட்டி, அதில் அவரைச் சாய்த்து, ஊர் ஆட்கள் நீந்தியே தள்ளிக்கொண்டு போனார்கள். நடுக் கண்மாயில் டியூப் ஒருபக்கமாகச் சாய்ந்து அவர் தண்ணீருக்குள் போய்விட்டார். முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் தெரிவது அவர் தலையா, கருவேலங்கட்டையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தவரிடம் நான் முதலில் பேசியதே அதைப் பற்றித்தான்.

"மழ மாசத்துக்கு மட்டும் டவுனுல ஒரு ரூமு பாத்துக்கிருவோம்."

"நான் வரல. ஆட்ட விட்டுட்டு, காட்ட விட்டுட்டு ரூம்புக்குள்ள போயி மோட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா? வாரத்துல ரெண்டு நாளு அந்தக் கட்டில்ல கெடக்குறது போதாதாக்கும்."

"அப்ப சாகுறீகளா?"

"செத்தா இங்கனயே சாவேன்."

நான் கையிலிருந்த சொம்பை முற்றத்தில் விட்டெறிந்தேன். அது நசுங்கி, அன்றிலிருந்து அளவு காட்டாமல் போனது. வேறு சொம்பு வாங்க வேண்டியதாயிற்று. அவர் எழுந்து ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டார். பிடிவாதத்தில் அவர் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

படகு யோசனையைக் கொண்டுவந்தது என் கொழுந்தன். திருச்சுழியில் குடியிருந்து லோடு வண்டி ஓட்டுகிறவர். கருவாடு ஏற்றத் தொண்டிப் பக்கம் போனவர் அங்கிருந்தே போன் செய்தார். "மதினி, இங்கன ஒருத்தரு புதுசா பைபர் படகு வாங்கிட்டாரு. அவரோட பழைய வத்தை கரையில சும்மா கெடக்கு. அண்ணனக் கண்மாய் தாண்டிக் கொண்டாந்து விட்டுட்டா, அங்கிட்டு நான் வண்டியோட நிப்பேன்ல." வத்தை என்பது கடற்கரையில் பக்கத்திலேயே போய் மீன் பிடிக்கிற சின்ன மரப்படகு. நாலைந்து பேர் உட்காரலாம். மறுவாரமே லோடு வண்டியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கியது. மீன் வாடை தெருக்கோடிவரை வீசியது. அன்றிலிருந்து குழாயடியில் எனக்குக் கப்பல்காரி என்று பெயர் விழுந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொருளைக் காப்பாற்றி வைப்பது என்றால் அதைக் காயவைப்பது என்றுதான் அர்த்தம். மிளகாய் வற்றலைக் காயவைப்போம். மல்லியைக் காயவைப்போம். விதையைக் காயவைத்துச் சாம்பல் போட்டுக் கட்டுவோம். ஈரம் பட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். கொழுந்தன் கைகொடுக்க, நானும் என் வீட்டுக்காரருமாக அந்த வத்தையைப் பருத்திக் கொட்டகைக்குள் ஏற்றினோம். அடியில் செங்கல் வைத்து மண் ஈரம் படாமல் தூக்கி நிறுத்தினோம். தார்ப்பாயால் மூடினோம். கோடை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். கோடை மழை ஒன்று அடித்தபோது கூரை ஒழுகுகிறதா என்று அவர் ஏணி வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் ஏறிப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

புரட்டாசியில் முதல் மழைக்குக் கண்மாய்ப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஓட்டிப் பழகலாம் என்று கொழுந்தனும் நானுமாக வத்தையை இழுத்துக்கொண்டு போய் இறக்கினோம். என் வீட்டுக்காரர் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் ஏறி மூங்கில் கழியை ஊன்றினேன். இரண்டு தள்ளுத்தான் தள்ளியிருப்பேன். கணுக்கால் நனைந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் தண்ணீர் சத்தமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓட்டை என்றால் ஒன்றை அடைக்கலாம். இதில் பலகை சேருகிற இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. தையல் விட்ட சட்டையாக அது விரிந்துகொண்டே போனது. நான் முழங்காலளவுத் தண்ணீரில் நிற்க, வத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. கரையில் ஆடு மேய்த்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

வத்தையைக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். ஏமாற்றிவிட்டார் என்று நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கம்மா வச்சிருந்தீக?" என்றார். கொட்டகை, செங்கல், தார்ப்பாய் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

"காயவா போட்டீக?" என்றார். "அதுக்கு நீங்க வெட்டி அடுப்பெரிச்சிருக்கலாம். மரம் தண்ணியக் குடிச்சு ஊதியிருந்தாத்தான் பலகையும் பலகையும் நெருக்கிக்கிட்டு நிக்கும். காஞ்சா சுருங்கிப்போகும். கடல்ல போடாத காலத்துல உள்ள தண்ணிய ஊத்தி வைக்கணும்மா. வெளிய ஈரச்சாக்கப் போடணும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஈரம் படாமல் பார்த்துப் பார்த்துத்தான் அதை நாங்கள் கெடுத்திருக்கிறோம்.

விரிந்துபோன இடத்தை முதலில் அடைக்க வேண்டும், அப்புறம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிற வேலை. கலப்பத்து என்பார்களாம். செய்து கொடுக்க வரமுடியுமா என்று கேட்டேன். மகளுக்குப் பேறுகாலம், வரமுடியாது என்றுவிட்டார். மீதியை நான் போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் செய்து காட்டியவர்கள் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. கையைப் பார்த்தேன், அது புரிந்தது. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். இடுக்கும் மடிப்பும் எனக்குப் பழகின விஷயம்தான் என்று ஒரு தைரியம்.

குங்கிலியம் வாங்க அருப்புக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு, மெஷின் ஓடுகிற நேரத்தில்தான் நான் இந்த மாதிரி வேலைகளை முடிப்பேன். "யாரு வீட்டுல பிள்ள பெத்திருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். புகை போடக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். படகுக்கு என்றேன். அவர் பொட்டலம் கட்டிய கையை நிறுத்திவிட்டு என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை நூலால் சுற்றி நீட்டினார்.

பஞ்சுக்குப் பஞ்சமில்லை. எங்கள் காட்டுப் பருத்தியே இருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கொட்டை நீக்கி, தொடையில் வைத்துத் திரித்துத் திரித்துக் கொடுப்பார். நான் வத்தைக்குள் குத்தவைத்து, பழைய அடைப்பைக் கதிரரிவாள் முனையால் நோண்டி எடுத்துவிட்டு, புதுத் திரியை எண்ணெயில் முக்கி அடிப்பேன். உளிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத சுத்தியல் அது. இடதுகைக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் விழுந்தேவிட்டது. குங்கிலியம் காய்ச்சும்போது சட்டியில் தீப்பிடித்துக்கொள்ள, நான் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, திட்டினேன் என்றாலும்.

அடைப்பை நான் கெட்டியாக, நெருக்கமாக, ஒரு நூல் இடம் விடாமல் அடித்திருந்தேன். என் தையலும் அப்படித்தான் இருக்கும், ஒருத்தியும் பிரிந்துவிட்டது என்று திரும்பி வந்ததில்லை. எல்லாம் முடித்து உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொட்டகையில் படார் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பக்கவாட்டுப் பலகை ஒன்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளி நின்றது. தண்ணீரெல்லாம் கொட்டித் தரை சேறாகிக் கிடந்தது. மறுபடி போன். "மரம் ஊதுறதுக்குக் கொஞ்சம் எடம் விடணும்லம்மா" என்றார் அவர். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? அந்தப் பக்கம் முழுக்கப் பிரித்து, தளர்வாக இரண்டாவது தரம் அடித்தேன். பலகையைப் புது ஆணி போட்டு இறுக்கினேன். மேகம் தெற்கே கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

இப்போது மறுபடி தண்ணீர் வேண்டும். வத்தை கண்மாய்ப் பள்ளத்தில் கிடந்து ஊறட்டும் என்றால், பள்ளம் அதற்குள் வற்றிச் சேறாகிவிட்டது. குடிக்கிற குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றினால் ஊர் என்னைச் சும்மா விடாது, நானே என்னைச் சும்மா விடமாட்டேன். இருந்தது போர்வெல் தண்ணீர். சப்பைத் தண்ணீர், வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும். மாட்டுக்கும் துணி துவைக்கவும்தான் ஆகும். அதுவும் அந்த நாட்களில் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் ஊற்றிவிட்டுக் காற்றைத்தான் கக்கியது. நான் குடம் குடமாகக் கொண்டுபோய் வத்தையில் ஊற்றுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டில் மூன்று மாடு.

"ஏக்கா, ஒங்க கப்பலு இன்னும் எத்தன கொடம் குடிக்கும்?"

"ஒன் மாடு குடிக்கிறதவிடக் கொறச்சலாத்தான் குடிக்கும்."

"மாடு பால் தருது. ஒங்க மரம் என்ன தரும்?"

எனக்கு வந்த கோபத்துக்குக் குடத்தை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. ஆஸ்பத்திரி, மூச்சு, டியூப் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழ எனக்குத் தெரியவில்லை. "என் புருசன் உசிரத் தரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆனால் என் குடம் வரிசையில் எப்போதும் கடைசிக்குத்தான் போனது.

பகலில் நான் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். ஆடு வந்து வத்தையில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள அவரைக் கொட்டகையில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தேன். இதுதான் நான் யோசிக்காமல் விட்ட இடம். ஒருநாள் முழுக்க ஒரு சொம்பில் நாக்கை நனைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷன் பக்கத்தில், தளும்பத் தளும்ப ஒரு வத்தைத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்றும் முன் எடை பார்ப்பார்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் கூடியிருக்கிற எடை அத்தனையும் தண்ணீர். அந்த வாரம் முள் வழக்கத்துக்கு மேலே போய் நின்றது. நர்ஸ் என்னைப் பார்த்தார். "என்னம்மா, அளந்து குடுக்கலையா?" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அடுத்த முறை இன்னும் கூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே தடித்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"எங்கன குடிச்சீக?"

டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தத் தண்ணியவா? எண்ணெயும் குங்கிலியமும் மெதக்குற தண்ணியவா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அந்த நாற்றத் தண்ணீரை நல்லாயிருந்தது என்று சொல்கிற அளவுக்கு ஒரு மனுஷனுக்குத் தாகம் இருந்திருக்கிறது. அதே வீட்டில் நான் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு அவருக்குச் சொம்பில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதற்காக அழுகையை அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வத்தை மறுபடி காய்ந்து விரியும். மழை வந்தால் மறுபடி லாரி டியூப்தான். தண்ணீரை விட்டுவைத்தால் மழை வரும்வரைக்கும் இவர் தாங்கமாட்டார். கட்டிலை வீட்டுக்குள் மாற்றினேன். நான் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போனார். கொட்டகைக்குக் கதவில்லை. படலைக் கட்டினேன், அவிழ்த்துவிட்டார். விவசாயம் செய்த கைக்கு முடிச்சு ஒரு பொருட்டா?

மறுநாள் தெருவில் உப்பு வண்டி வந்தது. கல்லுப்பு. தெருவில் எல்லாரும் படிக்கணக்கில் வாங்க, நான் இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னேன். "ஊறுகாய் கம்பெனி வைக்கப் போறீகளா?" என்று உப்பு வண்டிக்காரன் கேட்டான். அவர் அசந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து மூட்டையைப் பிரித்து வத்தைக்குள் கொட்டினேன். மூங்கில் கழியால் கலக்கினேன். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், குமட்டியது. போதும் என்று தோன்றியது. கடலில் கிடந்த மரம், உப்பு அதற்கு ஆகாமல் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் தையல் மெஷினுக்கு எதிரே வந்து நின்றார். உதட்டோரம் ஈரமாக இருந்தது.

"உப்பப் போட்டியா?"

"போட்டேன்."

"எம்புட்டு?"

"ரெண்டு மூட்ட."

உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "வெசத்தப் போடாம விட்டயே" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊசியில் நூல் இல்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போட்டது தப்பு என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் மூட்டையைப் பிரிக்கத்தான் செய்வேன். பிறகு பல நாட்கள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சொம்பை நீட்டினால் வாங்கிக்கொள்வார், குடிப்பார், திருப்பிக் கொடுப்பார். ஆஸ்பத்திரி முள் மட்டும் பழைய இடத்துக்கு இறங்கியது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. காற்றில்லாமல், இடியில்லாமல், நின்று பெய்கிற மழை. ஓடை வந்தது. உள்வாய்ப் பாதை மறைந்தது. கலுங்கு பாய்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஊர் சந்தோஷப்பட்டது. நான் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நாள் விடிந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. கொழுந்தன் அக்கரையில் வண்டியோடு நிற்பதாகப் போன் செய்தார். உப்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, இருந்த ஆட்கள் கூடி வத்தையைத் தூக்கிப் போய்த் தண்ணீரில் விட்டோம். தூக்கியவர்களில் எதிர்வீட்டுக்காரியும் இருந்தாள். "பாத்துப் போங்கக்கா" என்றாள். அவர் நடுவில் உட்கார்ந்துகொண்டார். மேலே பிளாஸ்டிக் சாக்கு, கையில் தண்ணீர் இறைக்க ஒரு வாளி. நான் பின்பக்கம் நின்று கழியை ஊன்றினேன்.

கரை விலகியது. நான் முன்னால் பார்க்கவில்லை, அவர் காலடியைத்தான் பார்த்தேன். அடிப் பலகையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அது ஊறப்போட்ட மீதியா, புதிதாக ஏறுவதா என்று கண்ணுக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, விரலை அதில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பாத்தான் இருக்கு."

அத்தனை நாட்களில் அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் கழியை ஊன்றினேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டுப் பார்த்தார். உப்புத்தான். சீமைக் கருவேல மரங்கள் தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையில் நுழைந்து போகும்போது அடியில் ஒரு கட்டை கரகரவென்று உரசியது. அவர் குனிந்தார், தொட்டார், கொஞ்சம் அதிக நேரம் நாக்கில் வைத்திருந்தார்.

"இப்ப சப்புனு இருக்கு."

அப்படியென்றால் கண்மாய்த் தண்ணீர் உள்ளே வருகிறது. வலப்பக்கம் இடுக்கில் ஒரு திரி பிதுங்கி நிற்பதை அவரே கண்டுபிடித்தார். அதைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தி, குதிகாலை அதன்மேல் வைத்து மிதித்துக்கொண்டார். ஒரு கையால் இறைத்தார். மூச்சு வாங்கியது. "நீ தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் தள்ளினேன். கை ரப்பராகப் போய்விட்டது. கழி சேற்றில் மாட்டிக்கொண்டபோதெல்லாம் அதோடு நானும் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. வத்தை மெதுவாகத்தான் போனது. ஆனால் உட்காரவில்லை.

அக்கரையில் வத்தையின் மூக்கு தட்டியது. கொழுந்தன் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உடனே எழுந்திருக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு, ஓரமாகச் சாய்ந்து, மழையில் தெளிந்து நின்ற கண்மாய்த் தண்ணீரை ஒரு கை அள்ளினார். அள்ளியவர் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார்.

இரண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர். ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் வாயை அடைத்தவர். ஒரு கை தண்ணீர் குடிக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரலிடுக்கில் அது ஒழுகிக்கொண்டிருந்தது. தாலி கட்டிய மனுஷனை இப்படி ஆக்கிவிட்டேனே என்று எனக்குத் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மெஷின் எடுத்துவிடத்தானே போகிறது என்று தோன்றியது.

"குடிங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கையைத் துடைக்காமல் மறுபடியும் ஓரமாகக் குனிந்தார்.

"போதும்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார்.